கிளவுடுக்கு என்ன கலர்?

பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, அதாவது புதிய சாட்சியச் சட்டம், அதன் கடைசியில் ஒரு படிவம் இருக்கிறது. 63(4)-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கிறவர் அதை நிரப்பிச் சேர்த்துத் தர வேண்டும். கம்ப்யூட்டர், டிவிஆர், மொபைல், பென் டிரைவ், சிடி, சர்வர், கிளவுட் என்று வரிசையாகக் கட்டங்கள். எதிலிருந்து எடுத்தீர்களோ அதில் டிக் போடணும். அதற்கடுத்து மேக், மாடல், கலர், சீரியல் நம்பர். கிளவுடில் டிக் போட்டவர் கலர் என்ற இடத்தில் என்ன எழுதுவார்? வால்பாறையில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்குச் சிரிப்புதான் வந்தது. இங்கே ஜூன் மாசம் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். சாம்பல்னு எழுதிடலாம்.

சிரிப்பு நிலைக்கவில்லை. நான் அந்தப் படிவத்தைத் தேடிப் படித்ததே ஒரு அக்காவுக்காக.

அவர் இங்கே ஒரு எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவர். 2024 கடைசியில் வேலையை விட்டு நின்றார். கிராஜுவிட்டி கணக்கு வந்தபோது நாலு வருஷம் காணோம். அந்த நாலு வருஷத்திலும் அவர் 240 நாள் வேலைக்கு வரவில்லை என்றது நிர்வாகம். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்றிருந்தது. 240 நாள் இல்லையென்றால் அந்த வருஷம் கணக்கில் சேராது என்றும் இருந்தது. ஆக, சண்டை அறுபது நாள் சம்பளத்துக்கு. கம்பெனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அக்காவுக்குப் பேரனோட ஸ்கூல் ஃபீஸ்.

முன்னெல்லாம் மஸ்டர் நோட்டு இருந்தது. பேருக்கு நேரே சூப்பர்வைசர் புள்ளி வைப்பதை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், "அண்ணா, நேத்து எனக்குப் போடலையே" என்று அங்கேயே கேட்கலாம். பிறகு ஆள்வரத்தும் இலை எடையும் போனில் ஏறின. போனிலிருந்து எங்கேயோ ஒரு சர்வருக்கு. அக்காவுக்கு மிஞ்சியது சாயங்காலம் வரும் எஸ்எம்எஸ் மட்டும். நடுவில் ஒரு போன் உடைந்ததில் பாதி போய்விட்டது. நிர்வாகம் சொன்ன பதில்: ஆப் நடத்திய காண்ட்ராக்டரை மாத்திட்டோம், பழைய தினசரிக் கணக்கு எங்களிடம் இல்லை, இதோ வருஷவாரியான மொத்தம். ஒரே ஒரு பக்க பிரிண்ட் அவுட், ஆபீஸ் கிளார்க் கையெழுத்துடன்.

நம் நாட்டுச் சட்டத்தின் மேல் என் குறை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக நாம் பிரிண்ட் அவுட்டுக்குக் கீழே யார் கையெழுத்துப் போடணும் என்றே வாதாடிக்கொண்டிருக்கிறோம். மூலத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டியது யார் என்று கேட்டது குறைவு.

2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் இல்லாத மின்னணு நகல் செல்லாது என்றது. 2018-இல் ஷாஃபி முகமது வழக்கில் கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மறுபடியும் இறுக்கியது. அந்தக் கடைசித் தீர்ப்பில் நியாயமான விஷயங்கள் உண்டு. கருவிக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் தர மறுத்தால், உத்தரவு போடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். செல்போன் கம்பெனிகள் அழைப்பு விவரங்களைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் அது போலீஸ் விசாரணையில் கைப்பற்றப்படும் பதிவுகளுக்கு. தொழிலாளி ஒருத்தர் சம்பளப் பாக்கி கேட்கும் இடத்துக்கு அது வந்து சேராது.

கிளவுடில் இருப்பதைச் சாட்சியமாக்க முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அதை 2004-லேயே செய்துகாட்டியது. சுஹாஸ் கட்டி வழக்கு: ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாக எழுதிய குற்றம், எழும்பூர் நீதிமன்றத்தில் தண்டனை. அந்தப் பக்கங்களைப் பார்த்து, அச்செடுத்து, 65பி சான்றிதழ் கொடுத்தவர் சைபர் சட்ட நிபுணர் நாவி. அவர் ஒன்றும் யாஹூ சர்வருக்குப் பொறுப்பாளர் இல்லை; தன் கம்ப்யூட்டரில் தெரிந்ததற்குத்தான் சான்று சொன்னார். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்தக் காகிதம் முந்திக்கொண்டதால் வழக்கு நின்றது. ஆனால் அங்கே பக்கம் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. அக்காவோட மஸ்டருக்கு லாகின் எதிராளியிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு தனி ஆள், ஒரு பெரிய கம்பெனி. லாரா ஜுபுலேக் என்ற ஊழியர் யூபிஎஸ் வார்பர்க் மேல் பாலினப் பாகுபாட்டு வழக்குப் போட்டார். 2003, 2004-இல் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் வரிசையாகப் போட்ட உத்தரவுகளின் சாரம் இதுதான்: வழக்கு வரும் என்று தெரிந்த நொடியிலிருந்து சம்பந்தப்பட்ட மெயில்களை அழிக்கக் கூடாது, ஊழியர்கள் அழிக்காமல் பார்த்துக்கொள்வது வக்கீலின் பொறுப்பும்கூட. கம்பெனி ஆட்கள் அழித்திருந்தார்கள். அழிந்த மெயில்கள் கம்பெனிக்கு எதிரானவை என்று எடுத்துக்கொள்ளலாம் என ஜூரிக்குச் சொல்லப்பட்டது. 2005-இல் 2.9 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. இன்றைக்கு 'இ-டிஸ்கவரி' என்ற பெயரில் கிளவுட் சேவைகள் விற்கும் தொழில் இவ்வளவு வளர்ந்ததில் இந்த பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூகுள் வால்ட்டிலும் மைக்ரோசாஃப்ட் பர்வ்யூவிலும் 'ஹோல்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஊழியர் அழித்தாலும் நகல் அழியாது. அமெரிக்கா மாதிரி வேணும்னு நான் சொல்லவில்லை. அங்கே இந்த வேலைக்கு ஆகும் செலவே சிறிய வழக்காளியை நசுக்கிவிடும். நான் கேட்பது அந்த ஒரு பட்டனைப் பற்றி. தொழில்நுட்பம் இருக்கிறது. அதை அமுக்கணும் என்ற கடமைதான் இங்கே தெளிவாக எழுதப்படவில்லை.

அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015-ஆம் வருஷத்து வணிக நீதிமன்றச் சட்டம், தன்னிடம் உள்ள ஆவணங்களை, தனக்குப் பாதகமானவை உட்பட, இரு தரப்பும் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மின்னணுப் பதிவுகளுக்குத் தனி விதியே உண்டு. ஆனால் அது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவில், 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுக்கு. அறுபது நாள் சம்பளம் அந்த வாசலைத் தாண்டாது.

பணிக்கொடைச் சட்டப்படி விசாரித்த அதிகாரிக்கு ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் இருந்தது. சொன்னார். "இல்லை" என்ற பதில் வந்தது. கையிலிருக்கும் சாட்சியத்தைத் தராதவருக்கு எதிராக ஊகம் செய்யலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. ஆனால் 'செய்யலாம்', அவ்வளவுதான். அதுவும் சாட்சியம் அவர் கையில் இருந்தது என்று நாம் காட்டியாகணும். காண்ட்ராக்டர் மாறிவிட்டார் என்ற ஒரு வரி அதை மழுப்பப் போதுமாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவோட எஸ்எம்எஸ்களுக்கு 63(4) சான்றிதழ் எங்கே என்று கேட்டார். இந்த மாதிரி விசாரணையில் சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாது என்று எங்கள் பக்கம் சொல்லிப் பார்த்தோம், எதற்கும் இருக்கட்டும் என்று நிரப்பவும் உட்கார்ந்தோம். படிவத்தில் இரண்டு பகுதி: 'ஏ' தாக்கல் செய்பவருக்கு, 'பி' நிபுணருக்கு. கோப்பின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அதைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட நிபுணருக்கு எங்கே போவது? மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2024 அக்டோபரில் ஒரு குடும்ப வழக்கில் இதே இடத்தில் வந்து நின்றார். கணவர் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ் போதாது என்றார். தமிழ்நாட்டுக்குப் போதுமான நிபுணர்களை மூன்று மாதத்தில் அறிவிக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவும் போட்டார். நிபுணர்களைப் பிறகு அறிவித்துக்கொள்ளலாம் என்று சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்களுக்கோ, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோவையில் தேடணும். அந்தச் செலவு அறுபது நாள் சம்பளத்தில் எவ்வளவைத் தின்னும்?

கிளார்க்கோட ஒரு பக்கக் காகிதத்துக்கு யாரும் ஹாஷ் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கருவி 'என்னால் இயக்கப்படுகிறது' என்று அவர் டிக் போட்டிருந்தால், எந்த ஊரில் இருக்கிற எந்தக் கருவியை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைசியில் பேசி முடித்தார்கள். நாலில் இரண்டு வருஷம் சேர்த்துக் கொடுத்தார்கள், எஸ்எம்எஸ் மிச்சமிருந்த இரண்டு வருஷம். எங்கள் படிவம் பாதியோடு நின்றது. கலர் என்ற இடத்தில் மட்டும் நீலம் என்று எழுதியிருக்கிறேன். போன் கருப்பு, பின்மூடி மட்டும் வேறு போனோடது. எதை எழுதணும்னு அக்கா கேட்டார், நான் மூடியைப் பார்த்து எழுதிவிட்டேன்.