பனிக்கட்டியில் எழுத்துத் தேடியோர்

விளம்பரக்கலை பற்றிய நூல்களுள், வில்சன் பிறையன் கீ 1973 இல் வெளியிட்ட ‘சப்லிமினல் செடக்‌ஷன்’ பெற்ற வாசகர் ஆதரவுக்கும் அதன் ஆய்வுப் பெறுமதிக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. புலனுணர்வின் வாயிற்படிக்குக் கீழே நின்று, பார்ப்போன் அறியாமலே அவனை இயக்கும் செய்திகள் விளம்பரங்களுட் புதைக்கப்படுகின்றன என்பது கீயின் வாதம். கில்பீஸ் ஜின் விளம்பரமொன்றின் பனிக்கட்டிகளிலே பாலுறவைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அவர் கண்டார். கண்டார் என்பதிலும், காண்பதென முன்னரே தீர்மானித்துக்கொண்டு நோக்கினார் என்பதே பொருந்தும்.

இந்நம்பிக்கை பரவக் காரணமானவர் ஜேம்ஸ் விக்கரி என்ற சந்தை ஆய்வாளர். 1957 செப்டெம்பரில் அவர் நியூயோர்க்கிற் பத்திரிகையாளரைக் கூட்டி, நியூ ஜேர்சி மாநிலத்து ஃபோர்ட் லீ நகரின் திரையரங்கொன்றில் தாம் நடத்திய பரிசோதனையை அறிவித்தார். படம் ஓடிக்கொண்டிருக்கையில் ஐந்து செக்கனுக்கொருமுறை, ஒரு செக்கனின் 3,000 இல் ஒரு பங்கு நேரம், சோளப்பொரி உண்ணுமாறும் கொக்கா கோலா பருகுமாறும் கூறும் சொற்கள் திரையிற் பாய்ச்சப்பட்டனவாம். ஆறு வாரங்களிற் பொரி விற்பனை ஏறத்தாழ 58 வீதமும் பான விற்பனை 18 வீதமும் உயர்ந்தனவாம். பார்வையாளர் 45,699 பேர் எனத் தலைக்கணக்குக் காட்டியவர், பிறர் சோதித்தறியக்கூடிய ஆய்வு விவரம் எதனையும் வெளியிடவில்லை. பனிப்போர்க் காலம் அது. ‘மூளைச்சலவை’ என்ற சொல் எங்கும் அடிபட்டது. வான்ஸ் பக்கார்ட்டின் ‘த ஹிடன் பேர்சுவேடர்ஸ்’ அவ்வாண்டிலேயே வெளிவந்திருந்தது. அச்சம் ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது. விக்கரி அதற்கோர் எண் கொடுத்தார்.

1958 இற் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே, உடனே தொலைபேசியில் அழைக்குமாறு கூறும் செய்தியை 352 தடவை பாய்ச்சிப் பார்த்தது. அழைப்புக்கள் கூடவில்லை. மறைசெய்தி ஒன்றுண்டு என்று மட்டும் அறிந்திருந்த நேயர்களிற் பலர், தமக்குப் பசியும் தாகமும் எடுத்ததாகவே எழுதினர்! செய்தியன்று, செய்தி பற்றிய வதந்தியே அவர்கள்மீது தொழிற்பட்டது. 1962 இல் விக்கரியும் தம்மிடமிருந்த தரவு பொருட்படுத்தத்தக்க அளவினதன்று என ஒப்புக்கொண்டார். அதன் பின்னரும் கீயின் நூல் எழுந்தது என்பதே வியப்பு.

உள்ளுறை உவமத்திற் பயின்ற தமிழ் வாசகன் மறைபொருள் என்ற கருத்தைக் கண்டு மிரளவேண்டியதில்லை. கருப்பொருள்களின் வழி மறைந்து நிற்கும் பொருள் அங்கு மரபறிந்தோனால் உணரப்படுவதற்காகவே மறைக்கப்படுகிறது; உணராதவனிடத்து அது தொழிற்படுவதில்லை. கீ கூறும் மறைபொருளோ உணரப்படாமையினாலேயே தொழிற்படுவது. அதனால் அவரது வாசிப்பை மறுக்கவும் வழியில்லை. எழுத்துத் தெரியவில்லை என்பவனுக்கு, அதுவே அதன் வெற்றி என்று விடை கிடைக்கிறது. எந்த மறுப்பையும் சான்றாக விழுங்கிவிடும் வாசிப்பைத் திறனாய்வு எனல் தகாது.

கட்புலனாகாத தூண்டலுக்கு எவ்விளைவும் இல்லை எனலும் மிகை. 2006 இல் நெதர்லாந்து உளவியலாளர் சிலர் வெளியிட்ட ஆய்வின்படி, கணப்பொழுது காட்டப்பட்ட பானப்பெயர், ஏற்கெனவே தாகமுற்றிருந்தோரின் தெரிவைச் சற்றே சாய்த்தது, தாகமற்றோரை அசைக்கவில்லை. இச்சிறு விளைவிலிருந்து கீ தீட்டிய பேருருவை அடைய முடியாது.

கீயின் நூல் வாசகனுக்கு இழைக்கும் தீங்கு வேறொன்று. பனிக்கட்டிக்குட் சொல் தேடும் கண், குளிர்ந்த போத்தலையும் நிரம்பிய குவளையையும் காணத் தவறுகிறது. ஓய்வும் வசதியும் போத்தலில் அடைத்து விலைக்குக் கிடைக்கும் என்ற கூற்று அப்பக்கத்திலே பட்டப்பகலாய்க் கிடக்கிறது. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1974 இல் மறைசெய்தி ஒலிபரப்பைப் பொதுநலனுக்கு முரணானதென அறிவித்தது. வெளிப்படையான அக்கூற்று பற்றி அவ்வறிவிப்புப் பேசவில்லை, கீயும் அதனைப் பொருட்படுத்தவில்லை.