160-ஆ, 350-ஆ?

ஸ்பிளெண்டரில் பல வருஷம் ஓட்டியவருக்கு 97.2 சிசி, சுமார் 8 குதிரைசக்தி, 112 கிலோ என்பது உடம்பில் ஊறிய கணக்கு. அடுத்த வண்டிக்கு ஷோரூம் போனால் கண் முதலில் தேடுவது சிசியைத்தான். சிசி பாதி உண்மையைத்தான் சொல்லும். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி, ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 இரண்டையும் ஊருக்குள்ளும் கொல்லிமலையிலும் ஓட்டிப் பார்த்தபின் இதைச் சொல்கிறேன்.

அப்பாச்சி 159.7 சிசியில் 17.5 குதிரைசக்தி தருகிறது; எடை 145 கிலோவை ஒட்டி. ஹண்டரின் எஞ்சின் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சக்தி 20தான், எடை 181 கிலோ. எடையால் வகுத்துப் பார்த்தால் சின்ன வண்டிதான் முந்துகிறது! சிக்னலில் பச்சை விழுந்ததும் அது தெரியும்.

பிறகு 350 எதற்கு? காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதற்குப் பதில் இருக்கிறது. ஹண்டரின் 27 நியூட்டன் மீட்டர் இழுவை 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். இரண்டாம் கியரில் வளைவில் திரும்பி, மெதுவாக முறுக்கினாலே மேலே இழுக்கிறது. அப்பாச்சியின் இழுவை 14.7, அதுவும் 7000-ஐத் தாண்டி முறுக்கினால்தான் முழுசாக வரும். வளைவுக்கு வளைவு கியர் இறக்கி, எஞ்சினை அலறவிட வேண்டும். தனியாகப் போனால் அது விளையாட்டு. பின்னால் மனைவியும் பையும் இருந்தால் வேலை. நாமக்கல் நான்குவழிச் சாலையில் 80, 90-இல் போகும்போதும் இதே கதைதான்: ஹண்டர் நிதானமாக ஓடுகிறது, அப்பாச்சி உழைக்கிறது.

ஆனால் ஊருக்குள் ஹண்டர் கனக்கும். ஸ்பிளெண்டரைவிடக் கிட்டத்தட்ட 70 கிலோ கூடுதல். சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளிப் பாருங்கள், புரியும். மைலேஜும் 35-ஐ ஒட்டித்தான். இன்னொன்று, ஸ்பிளெண்டர் பழக்கத்தில் வலது கால்தான் முதலில் பிரேக்கைத் தேடும். எந்த வண்டிக்கு மாறினாலும் முன் டிஸ்க்கை நம்பிப் பிடிக்கப் பழகுங்கள். 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம், பயம் வேண்டாம்.

‘இன்னும் கொஞ்சம் போட்டால் 400 வருமே’ என்று நண்பர்கள் ஏற்றிவிடுவார்கள். ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-க்கு 40 குதிரைசக்தி, ஸ்பிளெண்டரைப்போல் ஐந்து மடங்கு. அருமையான வண்டிதான், ஆனால் 100 சிசியில் பழகிய கைக்கு இப்போது வேண்டாம். செலவும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 350-க்கு மேல் தனிப் பிரிவு, கூடுதல் கட்டணம். 160-க்கும் ஹண்டருக்கும் ஒரே பிரிவுதான்.

தினமும் அலுவலகம், எப்போதாவது ஊர்ப்பயணம் என்றால் 160 போதும். அடிக்கடி இருவராக நெடுஞ்சாலையோ மலையோ ஏறுபவர் ஹண்டரை எடுக்கலாம். டெஸ்ட் ரைடுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.