கோடுகளால் எழுந்த மாளிகை: ஓவியர் கே. இராமானுஜம்

கேமரன் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தேயிலைச் சரிவுகளைக் கண்டு, இயற்கையின் எழிலே எழில் என்று வியந்து படம் எடுத்துச் செல்வர். அச்சரிவுகளில் வாழ்ந்தவர்களோ அவ்வெழிலை வேறுவிதமாக அறிவர். கவாத்துச் செய்யாது விட்டால் தேயிலைச் செடி மரமாக உயர்ந்துவிடும். அதனை இடுப்பளவில் நிறுத்தி, மலையின் வளைவுக்கேற்ப நிரை பிடித்து, பருவந்தோறும் கொழுந்து கொய்து காத்தவை மனிதக் கைகள். 1929இல் போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, அக்கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல.

அழகைக் காண்போர் அதன் பின்னுள்ள உழைப்பைக் காணத் தவறுவது கலையுலகிலும் நிகழ்கிறது. துன்புற்று வாழ்ந்த கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவருடைய நோயைப் பேசுகிறோம், தனிமையைப் பேசுகிறோம், மறைவைப் பேசுகிறோம். அவர் கை செய்த வேலையைப் பேச மறந்துவிடுகிறோம். சென்னை ஓவியர் கே. இராமானுஜத்துக்கு நேர்ந்தது இதுவே.

வாழ்வு

இராமானுஜம் 1941இல் சென்னையில் பிறந்தவர். பேச்சில் தடை இருந்தது. மனநலக் குறைவும் அவரை வாட்டியது. தோற்றத்தாலும் பேச்சாலும் பிறருடைய ஏளனத்திற்கு ஆளானார். பேச்சு கைகொடாத அவருக்குக் கோடு கைகொடுத்தது. 1850இல் நிறுவப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் அவர் பயின்றபோது, அதன் முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1957 முதல் 1967 வரை அப்பொறுப்பில் இருந்த பணிக்கர், இம்மாணவரிடம் புதைந்து கிடந்த ஆற்றலை இனங்கண்டார். பொதுவான பாடமுறைக்குள் அவரை வலிந்து அடைக்காமல், அவர் போக்கிலேயே வளரவிட்டார்.

1966இல் பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தம் கலையைக் காத்துக்கொண்ட கூட்டமைப்பு அது. அங்கே இராமானுஜத்துக்கும் இடம் கிடைத்தது. அங்கிருந்தே அவருடைய சிறந்த படைப்புகள் பிறந்தன. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வரைவு

அவர்தம் ஓவியங்களுள் நுழைவோர் ஒரு மாய நகரத்துள் நுழைகின்றனர். தூண்களும் வளைவுகளும் படிக்கட்டுகளும் கோபுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. பாம்புகள் நெளிகின்றன, சிறகு பெற்ற உருவங்கள் பறக்கின்றன, பெண்கள் சூழ்ந்து நிற்கின்றனர். இவற்றினிடையே தொப்பி அணிந்த மனிதர் ஒருவர் அடிக்கடி தோன்றுகிறார். அவர் ஓவியரே. தெருவில் ஏளனம் பெற்றவர், தாம் எழுப்பிய நகரில் மதிப்பிற்குரிய விருந்தினராக உலவுகிறார்.

இந்நகரம் எங்கிருந்து வந்தது? கோயிற் கோபுரத்தில் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் சுதைச் சிற்பங்களை இது நினைவூட்டுகிறது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் கதைப் படங்களையும், ‘பாதாள பைரவி’ போன்ற 1950களின் மாயாசாலத் திரைப்படங்களின் அரங்குகளையும் நினைவூட்டுகிறது. தமிழகத்துச் சிறுவர் எல்லாரும் கண்டு வளர்ந்த பொருள்களே இவை. எனவே இராமானுஜத்தின் உலகம் நோயுற்ற ஒருவருக்கு மட்டும் புலப்படும் உலகமாகாது. நம் பொதுச் சொத்தை எடுத்து, தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார் அவர்.

அவ்வீட்டைக் கட்டிய முறை இன்னும் கருதத்தக்கது. வண்ண ஓவியங்களும் தீட்டினார். ஆயினும் பேனாவும் மையுமே அவருக்குத் தாய்மொழி. நுண்ணிய கோடுகளை நெருக்கியும் விலக்கியும் இடுவதாலேயே ஒளியையும் நிழலையும் உண்டாக்கினார். மையால் இட்ட கோட்டை அழித்து எழுத இயலாது. ஒரு தூணின் உருட்சி தோன்ற வேண்டுமாயின், நூற்றுக்கணக்கான கோடுகள் தத்தம் இடத்தில் அமைய வேண்டும். கனவு தானே வழிந்து தாளில் படிந்தது என்பார்க்கு இக்கோடுகளே மறுமொழி. கனவு ஒரு நொடியில் வரலாம். கோடு பொறுமையின்றி வாராது.

வின்சென்ட் வான்காவின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1889 மே மாதம் சேன் ரெமி மனநல விடுதியில் சேர்ந்த அவர், ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் தீட்டினார். நோய் மிகுந்த நாள்களில் அவரால் வேலை செய்ய இயலவில்லை. தெளிந்த நாள்களிலேயே தூரிகை பிடித்தார். நோய் அவருக்குக் கலையைத் தரவில்லை. கலைக்குரிய நாள்களைப் பறித்தது. இராமானுஜத்தின் ஓவியங்களிலும் நாம் காண்பது குழப்பம் அன்று. குழப்பத்தின் நடுவே ஒருவர் அரிதின் முயன்று நிலைநாட்டிய ஒழுங்கு.

குறைகளும் உண்டு. ஒரே மாளிகை, ஒரே பாம்பு, ஒரே பறவை மீண்டும் மீண்டும் வருவதும், கண் இளைப்பாற வெற்றிடம் இல்லாமையும் சில ஓவியங்களில் அயர்ச்சி தருகின்றன. தன் ஆசிரியரைப் போலப் புதிய கட்டங்களுக்குச் செல்ல அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. பணிக்கர் தம் ஐம்பதாம் வயதைக் கடந்த பின்னரே ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தொடங்கினார் என்பதை எண்ணும்போது, இவ்விழப்பின் அளவு விளங்கும்.

நமக்குரிய பாடம்

கலையே அவரைக் கொன்றது என்பார் உளர். இறுதிவரை கலையே அவரைக் காத்தது என்பாரும் உளர். இரண்டும் மிகைக் கூற்றே. ஆசிரியரின் அன்பும் தோழர்களின் அரவணைப்பும் கலைஞராக வாழ அவருக்கு வழி செய்தன. ஆயினும் மனநோய்க்கு மருத்துவமும் இடையறாத துணையும் வேண்டும். ஓவியம் மருந்துக்கு மாற்றாகாது. துன்பம் திறமைக்கு விலையும் ஆகாது. துன்புறுதலே கலைஞனின் இலக்கணம் என்று மாணவர்க்குக் கற்பிப்போமாயின், உதவி நாட வேண்டிய இளைஞன் ஒருவன் உதவியை மறுத்துவிட நாமே காரணமாவோம்.

ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும், கேட்ட வினாவுக்கு வாய் திறவாமல் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஏதோ வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளையைப் பித்தன் என்று ஒதுக்கவும் வேண்டா. மேதை என்று மேடையேற்றவும் வேண்டா. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, வரைந்ததைப் பற்றி வினவுதல் போதும். பிள்ளையின் முகத்தில் துயரின் சாயல் நீடிக்குமாயின், பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கொண்டு சேர்த்தலும் ஆசிரியர் கடமையே. பணிக்கர் செய்தது முதற் பணி. இரண்டாவதைச் செய்வதற்கு அவர் காலத்தினும் மிகுதியான அறிவும் வசதியும் இன்று நம்மிடம் உள்ளன.