ஹில்டகார்டின் கல்லாமைக் கூற்று

அவையடக்கம் கூறி நூல் தொடங்குதல் நம் புலவர் மரபு. அவ்வாறு கூறுவாரைக் கல்லாதவர் என எவரும் கொள்வதில்லை. செருமானிய நாட்டில் ரைன் ஆற்றங்கரைப் பகுதியில் வாழ்ந்த பெனடிக்டுச் சபைத் துறவி ஹில்டகார்டு (1098–1179) தம்மைக் கல்வியில்லா எளிய பெண் எனப் பலகாலும் கூறுகின்றார். இதனை அவையடக்கம் என்பாரும் உளர். உள்ளவாறு உரைத்தது என்பாரும் உளர். இவ்விரண்டும் முற்றும் பொருந்தா என்பதே எம் துணிபு.

இளமையில் யூத்தா அம்மையாரிடம் திருப்பாடல்களைப் படிக்கக் கற்ற ஹில்டகார்டு, முறையான இலத்தீன் இலக்கணப் பயிற்சி பெற்றிலர். அவர்தம் எழுத்தின் இலக்கண வழுக்களை வோல்மார் என்னும் துறவி களைந்தார். ஆதலின் அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் 1141-இல் தொடங்கிய 'ஸ்கீவியாஸ்' முதலிய காட்சி நூல்களும், செடி கொடிகள், கற்கள், விலங்குகள் ஆகியவற்றின் இயல்புரைக்கும் நூலும், எழுபதுக்கு மேற்பட்ட இசைப்பாடல்களும் கல்லாதார் செயல் ஆகா.

பெண் சபையில் கற்பித்தலாகாது என்னும் பவுலடியார் வாக்கு ஓங்கி நின்ற காலம் அது. தாம் கற்றதை உரைப்பதாகக் கூறியிருப்பின் அவர் வாய் அடைக்கப்பட்டிருக்கும். தமக்குக் கல்வி இல்லை, கேட்டதையே உரைக்கின்றேன் என்றமையால் அவர் சொல் கற்றோர் அவையைக் கடந்து நின்றது. அவையடக்கம் கூறுவார் பிழை பொறுக்குமாறு வேண்டுவர். ஹில்டகார்டோ தம் இறுதிக் காட்சி நூலின் முடிவில், அதனோடு ஒன்றும் கூட்டற்க, குறைக்கற்க என எச்சரிக்கின்றார். இது பணிவின் குரல் அன்று.

இக்குரலின் வன்மை 1178-இல் வெளிப்பட்டது. திருச்சபையினின்று விலக்கப்பட்டுப் பின்னர் ஒப்புரவான ஒருவரை அவர்தம் மடத்து நிலத்தில் அடக்கம் செய்தனர். உடலை அகற்றுமாறு மைன்ஸ் திருச்சபைத் தலைவர்கள் பணித்தனர். அவர் மறுத்தமையால் மடத்தில் திருப்பலியும் வழிபாட்டுப் பாடலும் தடுக்கப்பட்டன. இறைபுகழைத் தக்க காரணமின்றித் தடுப்போர் விண்ணகப் புகழ்ப்பாடலில் பங்கிழப்பர் எனத் தம் காட்சியையே சான்றாக்கி அவர் மடல் விடுத்தார். 1179-இல் தடை நீங்கியது; அவ்வாண்டே அவர் மறைந்தார்.

ஆயினும் அன்று கேடயமாக நின்ற கூற்றே பின்னர் அவருக்கு எதிரான படைக்கலம் ஆயிற்று. கல்லாதவர் இவற்றை எழுதியிருத்தல் இயலாது என, அறிஞர் சிலர் அந்நூல்களை அவர் பெயரினின்று பிரிக்க முற்பட்டனர். ஐபிங்கன் மடத்துத் துறவியரான மரியான்னா சிராடர், அடெல்குண்டிஸ் பியூர்கோட்டர் ஆகிய இருவரும் 1956-இல் வெளியிட்ட ஆய்வில் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து அவ்வையத்தை அகற்றினர். 2012-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என அறிவித்தது. கல்லாதவர் என்றவரைக் கற்பிப்போர் வரிசையில் வைத்தமை, அக்கூற்றுக்கு எண்ணூறு ஆண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி எனலாம்.

ஆகவே, ஆசிரியர் தம்மைப் பற்றிக் கூறுவதை மெய்யென்றோ பொய்யென்றோ முடிபு கட்டுமுன், அக்கூற்று அவருக்கு எதனைச் செய்துகொடுத்தது என வினவுதல் ஆய்வாளர் கடன்.