நூலும் நொடியும்

கெலவரப்பள்ளி அணையின் முழு நீர்மட்டமாக நாளிதழ்கள் அச்சிடும் 44.28 அடி என்ற எண்ணில், கடைசி இலக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைக் குறிக்கிறது. தென்பெண்ணையின் மட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கும் இந்த வட்டாரத்தில்தான், 1984இல் டாடா குழுமமும் டிட்கோவும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஓசூர்த் தொழிற்சாலையும் அமைந்துள்ளது. நீளத்தையும் நேரத்தையும் பிசகின்றி அளப்பதையே அன்றாடப் பிழைப்பாகக் கொண்டவர்கள் நிறைந்த இப்பகுதியில் நின்று பார்க்கும்போது, பளுதூக்கும் தண்டின் வேகத்தை அளக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் சிறு கருவியின் அருமை நன்றாகவே விளங்கும்.

பளுதூக்குதல் நெடுங்காலமாக ‘தூக்கினான், தூக்கவில்லை’ என்ற இரண்டே தீர்ப்புகளால் நடந்து வந்த கலை. இளவட்டக்கல்லுக்கு முன்னால் ஊர் சொன்ன தீர்ப்பும் அதுவே, மூன்று நடுவர்களின் வெள்ளை, சிவப்பு விளக்குகள் சொல்லும் தீர்ப்பும் அதுவே. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப்பிரிவில், வேலூரின் சதீஷ் சிவலிங்கம் ஸ்நாட்ச் முறையில் 149 கிலோவைத் தலைக்குமேல் ஏற்றித் தங்கம் வென்றார் என்பதை ஏடுகள் சொல்லும். அந்தத் தூக்கலில் எவ்வளவு மிச்சபலம் இருந்தது என்பதை எடை சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது வேகம். ஒருவர் தம் உச்ச எடையை நெருங்க நெருங்கத் தண்டு மெதுவாகிறது. மல்லாந்து படுத்து மார்பிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில், தூக்கக்கூடிய கடைசி எடை நொடிக்கு ஏறத்தாழ 0.17 மீட்டர் வேகத்தில்தான் ஏறும்.

இந்த வேகத்தைப் பிடிக்க எளிதாகத் தோன்றும் வழி, கைப்பேசியில் இருப்பது போன்ற முடுக்கமானிச் சில்லு ஒன்றைத் தண்டில் ஒட்டிவிடுவது. முடுக்கமானி என்பது வேகம் மாறும் வீதத்தை உணரும் சென்சார். அது தரும் எண்களை நொடிதோறும் கூட்டிக்கொண்டே போனால்தான் வேகம் கிடைக்கும், கூட்டும்போது பிழையும் சேர்ந்தே கூடும். புவியீர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சில்லு தவறினாலும் இரண்டு நொடியில் பிழை நொடிக்கு 0.2 மீட்டராகிவிடும், அளக்க வந்த வேகத்தையே அது விழுங்கிவிடுகிறது. தண்டு அசையாது நிற்கும் கணங்களில் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் சாமர்த்தியங்கள் உண்டு, என்றாலும் ரசிகனின் மனம் நூல் கட்டிய கருவியிடமே போகிறது.

அதில் தண்டோடு மாட்டிய நூல் ஓர் உருளையிலிருந்து உருவப்படுகிறது. உருளை சுழல, அதன் அச்சில் பொருத்திய என்கோடர் என்னும் சுழற்சி எண்ணி ஒரு சுற்றுக்கு 600 துடிப்புகளை வெளியிடுகிறது. அணைகளில் மிதவையின் கம்பி கப்பியைச் சுழற்றி நீர்மட்டத்தைப் பதியும் கருவிக்கும் இதே தத்துவம்தான். கால் சுற்றுக் கட்டம் விலகிய இரண்டு வரிசைகளாகத் துடிப்புகள் வருவதால் தண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் தெரிகிறது, எண்ணிக்கையும் 2,400 ஆகிறது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் ஓர் எண்ணுக்கு நேரான நூல் 0.08 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நேரத்தைத் தருவது, ஈஎஸ்பி32 போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் நொடிக்கு 4 கோடி முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். ஓசூரில் உருவான குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் அதே இனப் படிகம் 32,768 முறை அதிர்கிறது.

கைவேலையின் தரம் தெரியுமிடம் உருளை. ஒரு மில்லிமீட்டர் தடிமனான நூல் தன்மேல் தானே ஏறிச் சுற்றிக்கொண்டால் விட்டம் 2 மில்லிமீட்டர் கூடி, அளவு நூற்றுக்கு மூன்றுக்குமேல் தவறிவிடும். ஆகவே நூல் ஒரே அடுக்காகப் படியும்படி உருளையை அகலமாகக் கடைந்து, வாயில் வழவழப்பான வழிகாட்டித் துளை ஒன்றும் வைக்க வேண்டும். லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது அரைமணி வேலை. பிறகு எஃகு அளவுகோலின்மேல் சரியாக ஒரு மீட்டர் நூலை இழுத்து எண்ணிக்கையைப் பார்த்தால், 12,730ஐ ஒட்டி வரும் அந்த எண்ணே கருவியின் ஜாதகம்.

அளவு டேப்பைப் போல நூலை உள்ளிழுக்கும் சுருள்வில்லில்தான் செய்பவரின் நிதானம் சோதனைக்குள்ளாகிறது. வில் 5 நியூட்டன் விசையில் இழுத்தால், 100 கிலோ தண்டுக்கு அது அரை விழுக்காடு மட்டுமே. 20 கிலோ வெறுந்தண்டைப் பிடித்துப் பழகும் புதியவருக்கோ இரண்டரை விழுக்காடு கூடுதல் சுமை. விசையைக் குறைத்தாலும் தொல்லை உண்டு: ஸ்நாட்ச் முடிந்து இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடப்படும் தண்டு தரையை நெருங்கும்போது நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டிவிடும், நலிந்த வில்லால் அந்த வேகத்தில் நூலைச் சுருட்ட முடியாமல் அது தொய்ந்து சிக்கிக்கொள்ளும். எல்லாத் தூக்கலுக்கும் ஒரே வில் என்று பிடிவாதம் பிடிக்காமல், பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட் போன்ற நிதானமான பயிற்சிகளுக்கென்றே மெல்லிய வில்லோடு செய்த கருவிதான் தேர்ந்த கையின் வேலை.

எண்ணைக் காட்டுவதிலும் அதே அடக்கம் வேண்டும். நூற்றில் ஒரு நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், நொடிக்கு 0.2 மீட்டரில் ஏறும் தண்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 25 எண்ணிக்கை. ஒன்று பிசகினால் 4 விழுக்காடு ஆட்டம். கணங்களின் ஆட்டத்தை அப்படியே திரையில் ஓடவிடும் கருவி பார்க்கப் பரபரப்பாக இருக்கலாம், பயிற்சிக்கு உதவாது. ஏற்றம் முழுமைக்குமான சராசரி வேகத்தை மட்டும் பெரிய இலக்கங்களில் காட்டி, தொடரின் முதல் தூக்கலைவிட வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் ஒலிப்பானை ஒருமுறை அடித்தால் போதும். தண்டைத் தாங்கியில் வைக்க அதுவே சைகை.