ரொயின்பியின் விரிவுரைகளும் ‘கைத்தொழிற் புரட்சி’ என்னும் கருத்தும்

பாடசாலை வரலாற்று நூல்கள் முதல் பல்கலைக்கழக ஆய்வேடுகள் வரை ‘கைத்தொழிற் புரட்சி’ என்னும் தொடர் இன்று ஐயத்துக்கிடமற்ற கலைச்சொல்லாக வழங்கி வருகின்றது. கலைச்சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு வர்க்கச் சார்பற்றதன்று. ஆங்கிலக் கல்வியுலகில் இத்தொடரை நிலைநிறுத்தியதில் பெரும் பங்கு, ஆர்னல்ட் ரொயின்பி 1881 ஒக்டோபர் முதல் 1882 நடுப்பகுதி வரை ஒக்ஸ்போட் பேலியல் கல்லூரியில் நிகழ்த்திய விரிவுரைத் தொடருக்கு உரியது. (உலக நாகரிகங்களை ஒப்பாய்ந்த ஆர்னல்ட் ஜே. ரொயின்பி இவருடைய சகோதரரின் மைந்தர். இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது.)

ரொயின்பி 1883 மார்ச் 9ஆம் திகதி தமது முப்பதாவது வயதில் காலமானார். ஐந்து நாட்களின் பின் லண்டனில் கார்ல் மார்க்ஸ் மறைந்தார். ரொயின்பி தம் விரிவுரைகளை நூலாக்கி விட்டுச் செல்லவில்லை. மாணவர்களான டபிள்யூ. ஜே. ஆஷ்லி, போல்ற்றன் கிங் ஆகியோரின் குறிப்புகளைக் கொண்டே 1884இல் அவை நூலுருப் பெற்றன. எனவே நாம் வாசிப்பது விரிவுரையாளரின் குரலோடு கேட்டோரின் குறிப்பும் கலந்த பனுவல் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொடரும் ரொயின்பியின் ஆக்கமன்று. பிரெஞ்சு எழுத்தாளர் சிலர் அதனை முன்னரே கையாண்டிருந்தனர். எங்கெல்ஸ் 1845இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட, இங்கிலாந்தின் தொழிலாள வர்க்க நிலை பற்றிய நூலிலும் அது மையமான இடம் பெற்றது. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1887இலேயே வெளிவந்தது. இதனால் எங்கெல்ஸிடம் வர்க்கப் போராட்டத்தின் தோற்றுவாயைச் சுட்டிய கருத்து, ஆங்கில மாணவர்களை ரொயின்பியின் வழியாகவே முதலிற் சென்றடைந்தது. இவ்வழியில் அக்கருத்து பெற்றது யாது, இழந்தது யாது என்பதே எமது வினா.

பெற்றதை முதலிற் கூறுதல் முறையாகும். அரசியல், பொருளியல், வரலாறு என்னும் மூன்றும் தனித்தனிப் பாடங்களாக ஒதுங்கத் தொடங்கியிருந்த காலத்தில் ரொயின்பி அவற்றை ஒரே மேடையில் இணைத்தார். அடம் சிமித், மல்தூஸ், றிக்காடோ ஆகியோரின் கோட்பாடுகளை என்றுமுள்ள உண்மைகளாக அன்றி, அவை தோன்றிய காலத்தின் வாழ்நிலையோடு பொருத்தியே விளக்கினார். உய்த்தறி முறையை அவர் முற்றாக நிராகரிக்கவில்லை. அதன் எடுகோள்களை வரலாற்றின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்றார். பொருளியல் விதிகள் இயற்கை விதிகள் போல மாற்றமுடியாதவை எனத் தொழிலாளருக்குப் போதிக்கப்பட்ட சூழலில் இது முற்போக்கான நிலைப்பாடே.

இம்முறையின் வலிமை, சொந்தநில உழவரின் மறைவு பற்றிய பகுதியிலே சிறப்பாகப் புலப்படுகின்றது. பெரும் பண்ணையின் திறமைக்கு முன் சிறுநில உழவன் தாக்குப்பிடிக்க இயலாது போனான் என்னும் எளிய விளக்கத்தோடு ரொயின்பி அமைதியடையவில்லை. 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அரசதிகாரம் நிலவுடைமையாளர் கைக்குச் சென்றது; நிலமே அரசியற் செல்வாக்குக்கு வழியாயிற்று; வணிகத்தாற் பொருளீட்டியோரும் நிலம் வாங்கினர்; உழவன் வெளியேற்றப்பட்டான். பொதுநிலங்களை வேலியிட்டு அடைத்தமையும் இதனோடு தொடர்புடையது. பொருளாதார மாற்றத்தின் பின்னால் அதிகாரத்தைத் தேடும் இப்பகுதி, ‘மூலதனம்’ கூறும் ஆதித்திரட்டலின் வாசல்வரை வந்து நிற்கின்றது.

ஆயின் அவர் உள்ளே நுழையவில்லை. கைத்தொழிற் புரட்சியின் சாரம் யாது என வரையறுக்குமிடத்து, மத்தியகாலக் கட்டுப்பாடுகளின் இடத்தைப் போட்டி பிடித்துக்கொண்டமையே அது என்கிறார். உற்பத்தியிலே போட்டி நன்மை தரலாம், பங்கீட்டிலே அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் எனவும் பிரித்துக் காட்டுகிறார். மார்க்ஸின் நூலை அவர் அறியாதவரல்லர். றிக்காடோவிலிருந்து சோசலிசம் பெற்ற ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது அதனைக் குறிப்பிடுகிறார். இருந்தும் உழைப்புச் சக்தி விற்பனைப் பண்டமாக மாறியமையும், உற்பத்திச் சாதனங்கள் ஒரு வர்க்கத்தின் உடைமையாகியமையும் அவருடைய வரையறையில் இடம்பெறவில்லை. மூலதனத்தின் உள்ளியல்பு தனித்தனி முதலாளிகள்மீது புறக்கட்டாயமாகச் செயற்படும் வழியே போட்டி என்பது மார்க்ஸின் விளக்கம். ரொயின்பியோ விளைவைக் காரணமாகக் கொள்கின்றார். நோய் போட்டியாயின் மருந்து ஒழுக்கமும் ஒழுங்குவிதியும் ஆகும். நோய் உற்பத்தி உறவாயின் மருந்து வேறு. தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சங்கம், கூட்டுறவு ஆகியவற்றில் அவர் வைத்த நம்பிக்கையும், 1883 ஜனவரியில் ஹென்றி ஜோர்ஜை மறுத்து லண்டனில் ஆற்றிய உரையில் தம் வர்க்கத்தின் சார்பாகத் தொழிலாளரிடம் மன்னிப்பு வேண்டியமையும் இவ்வரையறையின் இயல்பான முடிபுகளே. அம்மன்னிப்பின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. மன்னிப்பு உடைமையை மாற்றாது என்பதே எமது கருத்து.

போட்டி பற்றிய இவ்வரையறை அக்கால வரலாற்றோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. கைத்தொழிற் புரட்சியின் முன்னணித் துறையான பருத்தி நெசவை எடுத்துக்கொள்வோம். 1700ஆம், 1721ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்திய அச்சுத் துணிகளை இங்கிலாந்தின் உள்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கின. இத்தடையின் நிழலிலேயே லங்கஷயர் வளர்ந்தது. ஆர்க்றைற்றின் 1769ஆம் ஆண்டு நூற்பு இயந்திரமும் குறொம்ப்ரனின் 1779ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும் பெருக்கிய உற்பத்திக்கு அமெரிக்கப் பண்ணைகளின் அடிமைகள் பருத்தி விளைவித்தனர். போட்டி கட்டுப்பாட்டை வென்ற கதையன்று இது. எவருக்குப் போட்டி, எவருக்குத் தடை என்பதை அரசதிகாரம் தீர்மானித்த கதை. சிமித்தைத் தொடர்ந்து பழைய வணிகக் கொள்கையை ஆராயும் ரொயின்பி, அடிமையையும் இந்திய நெசவாளனையும் உற்பத்தியின் வரலாற்றுக்குள் உரியவாறு கொண்டுவரவில்லை.

இவ்விடைவெளியை அவருடைய தனிப்பட்ட குறையாக மட்டும் கொள்ள இயலாது. பேலியலில் இந்திய சிவில் சேவைக்குத் தெரிவான இளைஞர்களைப் பயிற்றும் பொறுப்பும் ரொயின்பியிடமே இருந்தது. அவரை நினைந்து 1895இல் நூலெழுதிய நண்பர் அல்பிரட் மில்னர், பின்னர் தென்னாபிரிக்காவில் பேரரசின் உயர் ஆணையாளராக விளங்கினார். உள்நாட்டு ஏழைக்கு இரங்கும் சீர்திருத்தமும் வெளிநாட்டை ஆளும் பேரரசும் ஒரே நட்பு வட்டத்துள் முரணின்றி வாழ்ந்தன.

விடுபட்டதைப் பிற்காலத்தில் நிரப்பியோர் வேறு இடங்களிலிருந்து வந்தனர். திரினிடாட்டைச் சேர்ந்த எரிக் வில்லியம்ஸ் அதே ஒக்ஸ்போட்டில் 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1944இல் முதலாளித்துவத்தையும் அடிமைமுறையையும் ஒருங்கே ஆராய்ந்த நூலை வெளியிட்டார். அவர் முடிபுகள் சில இன்றும் விவாதத்துக்குரியன. எழுப்பிய வினா விலக்க முடியாதது. ஈ. பி. தொம்சன் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி வகுப்புகளில் வளர்ந்தோருக்குக் கற்பித்தவர். ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய 1963ஆம் ஆண்டு நூலில் தாம் அம்மாணவரிடம் கற்றதை ஏற்றுக்கொள்கிறார். அந்நூலிலே தொழிலாளர் இரக்கத்துக்குரியோராக அன்றித் தம்மைத் தாமே உருவாக்கிய வரலாற்று மாந்தராகத் தோன்றுகின்றனர்.

ரொயின்பியின் விரிவுரைகள் இன்றும் வாசிக்கத்தக்கவை. மூன்று துறைகளையும் இணைத்துக் கற்பிக்க அவர் காட்டிய வழி, அவற்றை மீண்டும் பிரித்து வைத்திருக்கும் எமது பாடத்திட்டங்களுக்கும் வேண்டியதே. ஆயினும் விரிவுரையின் எல்லையை விரிவுரையாளரின் அறிவு மட்டும் வகுப்பதில்லை; எதிரே அமர்ந்திருப்போர் எவர் என்பதும் வகுக்கின்றது. ஆளப் போகின்றோருக்குச் சொல்லப்பட்ட வரலாற்றில் ஆளப்பட்டோர் குறைவாகவே இடம்பெற்றனர். அவ்வரலாற்றின் கலைச்சொல்லை நாம் கையாளும் ஒவ்வொரு முறையும், அதிலிருந்து விடுபட்டோரையும் சேர்த்தே கற்பித்தல் எமது கடனாகும்.