காட்டு நிழலில் ஒரு தேயிலை

எங்கள் ஊர் குமராட்சி, நெல் விளையும் சமவெளி. தேயிலை எங்களுக்குக் கடைத்தூள்தான். நீலகிரிக்குப் போனால் இடுப்புயரத்தில் கவாத்து செய்த செடிகளைப் பார்க்கலாம். வெட்டாமல் விட்டால் அவை மரமாகும்.

சீனாவின் யுன்னான் மாகாணத்து ஜிங்மாய் மலையில், பிளாங், தை இனத்தார் 10ஆம் நூற்றாண்டு முதல் தேயிலையை மரமாகவே வளர்க்கிறார்கள். மேலே நெடுமரங்கள் வெயிலை வடிகட்ட, நடுவே தேயிலை, தரையில் மூலிகையும் புல்லும். சருகே உரம், பூச்சிகளைச் சிலந்தியும் பறவையும் பார்த்துக்கொள்ளும். காட்டை அழிக்காமலே பயிர்செய்த அந்த அறிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023இல் யுனெஸ்கோ இந்தத் தேயிலைக் காடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இந்தத் தேயிலைக்குப் பாலும் சர்க்கரையும் வேண்டாம், வெந்நீர் போதும். முதலில் கசக்கும். பிறகு தொண்டையில் ஊறும் இனிப்பை நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த எவரும் அறிவார்கள்.